காகிதத்தில் வெட்டிப் பார்த்தவர்

தலத்தெருவில் பகல் நேரத்தில் மின்சாரம் போனால் நாங்கள் டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்க்க மாட்டோம். அவர் எந்த மரத்தடியில் நிற்கிறார் என்றுதான் பார்ப்போம்.

மின்துறையில் லைன்மேன். மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியில் உரசுகிற கிளைகளைக் கழிக்க வருவார்கள். மற்ற ஆட்கள் என்றால் ஏணியைச் சாத்தி, அரிவாளை ஓங்கி, கால் மணி நேரத்தில் மரத்தை மொட்டையடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இவர் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி டூல்ஸ் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்பார். ஒரு சுற்று சுற்றி வருவார். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்கிருந்தும் பார்ப்பார். வீட்டுக்குள் மின்விசிறி நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, மரத்தைப் பார்க்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே ஒரு பூவரச மரம். அதன் அடியில் அவர் அரை மணி நேரமாக நின்ற ஒரு சித்திரை மத்தியானத்தில், பக்கத்துத் தையல்கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தீங்களா? சொஜ்ஜி பஜ்ஜி கொண்டாரச் சொல்லட்டுமா?"

அவர் திரும்பக்கூட இல்லை.

"வெட்டுறதுக்கு ஒரு நிமிஷம் போதும்பா. பாக்குறதுக்குத்தான் சம்பளம்."

யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான் அதிகம் படித்தவனில்லை. கடைக்கு வருகிறவர்களின் வாய்தான் நான் படித்த புத்தகம். அன்றைக்கு அதைக் குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் பேச்சுக்கென்றே தனியாக ஒரு கட்டுத் தாள் சேர்ந்துபோனது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கழித்த மரத்தில் கழித்தது தெரியாது. மற்றவர்கள் மொட்டையடித்த மரம், ஆத்திரம் வந்த மாதிரி அடுத்த ஆடிக்குள் குச்சி குச்சியாகக் கிளம்பி நேராகக் கம்பியைத்தான் பிடிக்கும். இவர் கை வைத்த பூவரசு இரண்டு வருஷம் கம்பி இருக்கும் திசைக்கே போகவில்லை. தையல்கடைக்காரர் இதை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒல்லி. கண்ணுக்குக் கீழே எப்போதும் தூக்கம் பாக்கியிருக்கிற மாதிரி ஒரு கருப்பு. வேலை முடிந்து என் கடையில் வந்து உட்கார்ந்தார் என்றால் நாற்காலிக்கே அலுப்பு தட்டிவிடும். எப்படிண்ணே இருக்கீங்க என்று கேட்டால், "இருக்குறேன் தம்பி. எழுந்திரிச்சாத்தான் தெரியும்" என்பார். இது நடந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் யாராவது என்னை நலம் விசாரித்தால் அந்தப் பதில்தான் நாக்கில் வந்து நிற்கிறது.

அந்தச் செடியை ஒரு பொங்கலை ஒட்டித்தான் வாங்கினார். நாகப்பட்டினம் சாலையில் ஒரு நர்சரிக்குப் பழுது பார்க்கப் போனவர், திரும்பும்போது வண்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இடுக்கிக்கொண்டு வந்தார். ஃபைகஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தது. வங்கி வாசலில், கல்யாண மண்டப வரவேற்பில் வைப்பார்களே, குச்சி மாதிரி ஒரு தண்டு, உச்சியில் பந்தாகக் கத்தரித்த ஒரு தலை, அந்த ரகம். விலையும் சொற்பம்தான். இரண்டு பேர் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகிவிடும்.

தையல்கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம இச்சி மரம்ண்ணே. பழைய கட்டட சுவத்துலல்லாம் தானா மொளைக்கும். இதப் போயி காசு குடுத்து வாங்கியிருக்கீங்க" என்றார்.

"சுவத்துல மொளச்சா நான்தான் ஏறிப் புடுங்கணும். தொட்டியில இருக்குறதால ஒக்காந்து பாக்கலாம்."

சின்னத் தட்டில் பெரிய மரத்தை வளர்க்கும் வித்தையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் பார்த்திருக்கிறார். பேர் போன்சாய் என்று எனக்கும் தெரியும். அவர் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. 'நம்ம செடி' என்பார், அவ்வளவுதான்.

மறுநாளே செடியோடு கடைக்கு வந்தார். அதைப் படம் எடுத்து, கருப்பு வெள்ளையில் ஐந்து காப்பி போடச் சொன்னார். ஆள் காணாமல் போனால்தான் அப்படிப் போடுவோம். நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் இடப்பக்கக் கிளைகளையெல்லாம் அடித்தார். இன்னொன்றில் உச்சியை அடித்தார். மூன்றாவதில் தண்டையே ஒரு சாண் உயரத்தில் குறுக்கே கோடு போட்டு நிறுத்தினார். ஒவ்வொன்றையும் கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார். பிறகு ஐந்தையும் மடித்து என் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார்.

"என்னண்ணே, இவ்ளோதானா?"

"காகிதத்துல வெட்டிப் பாத்துக்குறேன் தம்பி. காகிதத்துல பால் வடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். தை போய், மாசி போய், பங்குனியும் போனது. செடியில் ஒரு இலையை அவர் கிள்ளவில்லை. என் குப்பைக் கூடையில் மட்டும் ஒரு தோப்பே விழுந்து கிடந்தது.

நடுவில் ஒரு தடவை, எதைத்தான் வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஸ்பூனால் தொட்டி மண்ணை மெல்லச் சுரண்டிக் காட்டினார். இரண்டு விரல்கடை ஆழத்தில், குச்சி என்று நாங்கள் நினைத்திருந்த தண்டு, யானைக்கால் மாதிரி அகன்று நாலாபக்கமும் வேர் விரித்திருந்தது.

"கடைக்காரன் அடியப் பொதச்சிட்டு மண்டைய விக்கிறான் தம்பி. மரம் இங்க இருக்கு. மேல இருக்குறது அலங்காரம்."

வெட்டினது சித்திரையில். தண்டின் கீழே, யாரும் கவனிக்காத இடத்தில், மூன்று இலையோடு சோனியாக ஒரு கிளை இருந்தது. அதற்குச் சற்று மேலே ரம்பத்தை வைத்து, அந்தப் பந்துத் தலையை மொத்தமாக எடுத்துவிட்டார். வெள்ளைப் பால் குபுகுபுவென்று வந்தது. ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு, அடிபட்ட குழந்தையின் முட்டியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சோனிக் கிளைதான் இனிமேல் மரம். அதை நிமிர்த்தி வைக்கக் கம்பி சுற்ற வேண்டும். அறுந்து விழுந்த பழைய லைன் கம்பியிலிருந்து ஒரு புரி அலுமினியம் வைத்திருந்தார். அது விறைப்பாக இருக்குமாம். அதனால் அதன்மேல் சோப்பைத் தடவி அடுப்பில் காட்டி, சோப்புக் கருத்ததும் எடுத்து ஆறவைத்துச் சுற்றினார். நூல் மாதிரி வளைந்தது.

அந்த அடுப்பு அவர் மனைவியுடையது. செடியை மாற்றி நட்ட தட்டும் அவர் மனைவியுடையதுதான். தட்டு என்றால், அகலமான மண் மீன்சட்டி. அதன் அடியில் ஆபீஸ் டிரில்லால் நாலு ஓட்டை போட்டுவிட்டார்.

அண்ணி எங்கள் பக்கத்து உள்கிராமத்தில் நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். நடையும் பேச்சும் பட்டுப்பட்டென்று இருக்கும். எதையும் இன்றைக்கே முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். என் கடைக்கு வந்து முறையிட்டார். "ரெண்டு நாளா சட்டியத் தேடுறேன் தம்பி. மத்தி வாங்கி வச்சுட்டு நிக்கிறேன். சட்டி எங்கன்னா மரத்தக் காட்டுறாரு. மரம் எங்கன்னா கட்டையக் காட்டுறாரு."

ஆனால் ஆடி பிறப்பதற்குள் அந்தக் கட்டை துளிர்த்தது. புது இலை ஒவ்வொன்றும் முதலில் இருந்ததில் பாதிதான் இருந்தது. அகன்ற அடி, வெளியே தெரிகிற வேர், ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்த தலை. மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தால், வயலுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கிற ஒரு பெரிய மரத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை குனிந்தார்கள். தையல்கடைக்காரர் இரண்டு தடவை குனிந்தார்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். செடியின் தலை போன அதே கோடையில் முதல் தடவையாக நீட் எழுதினாள். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதலாம் என்று அண்ணி சொன்னார். பின்னறையில் ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், ஃபோனில் வகுப்பு. பழைய வினாத்தாள்களை என்னிடம் வந்து பிரின்ட் எடுத்துப் போவாள். அந்தப் பெண்ணை எனக்கு முதலில் தெரிந்தது தாளின் கனத்தை வைத்துத்தான். முதல் வருஷம் கத்தை கத்தையாக எடுத்தாள். இரண்டாம் வருஷம் கத்தை மெலிந்துகொண்டே வந்தது, அவளும்தான்.

இதில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீங்க என்ன சொல்றீங்க என்று அண்ணி கேட்டால் 'பாப்போம்' என்பார். மரத்தடியில் எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்த அந்த வார்த்தை அந்த வீட்டுக்குள் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அண்ணி ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"மரத்தடியில நிக்கிற மாதிரியே வீட்டுலயும் நிக்கிறாரு தம்பி. அங்கயாவது கரண்ட நிறுத்திட்டு நிக்கிறாரு."

செடியின் தலையை வெட்டின அந்த வருஷமே ஐப்பசி மழை புயலோடு வந்தது. கடலோரம் முழுக்கக் கம்பம் சாய்ந்து கிடந்தது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தெற்கே லைன் நெடுக உப்புக்காற்று அடித்து, கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற பீங்கானெல்லாம் உப்புப் பூத்துத் தீப்பொறி பறந்ததாம். கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதுமாக ஒரு மாதத்துக்கு மேல் அவரைத் தெருவில் பார்க்கவே முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஈரச் சட்டையை மாற்றுவதற்குத்தான் வருவார், மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆவணியில் செடிக்குப் புதுக் கம்பி சுற்றியிருந்தார். தீபாவளிக்குள் எடுத்துவிடலாம் என்று கணக்கு. லைன்மேன்களுக்கு ஐப்பசி கார்த்திகை சொந்தமில்லை என்பது ஊருக்கே தெரியும். முப்பது வருஷ சர்வீஸ்காரருக்குத் தெரியாதா? தெரிந்தும் சுற்றினார். மழையில் அந்த ஜாதி மரம் வெறிபிடித்த மாதிரி பருக்கும்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் செடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, நகவெட்டி இருக்கிறதா என்று கேட்டார். கம்பி வெளியே தெரியவில்லை. பட்டைக்குள் முழுகிப் போயிருந்தது. சுற்றை அவிழ்த்தால் தோல் உரிந்து வரும். ஒவ்வொரு சுற்றாக நகவெட்டியால் நறுக்கி, துண்டு துண்டாக ஊசிமுனையில் நெம்பி எடுத்தோம். அவர் கையில் இருந்த பெரிய கட்டிங் பிளேயர் அதற்கு ஆகவில்லை. எடுத்து முடித்தபோது கிளை முழுக்கத் திருகாணி மாதிரி தழும்பு ஏறியிருந்தது.

"இந்தக் கம்பி ரொம்ப முரட்டுக் கம்பிண்ணே" என்றேன், ஆறுதலுக்கு.

"கம்பி மேல தப்பில்ல தம்பி. கட்டுனவன் திரும்பி வந்து பாக்கல."

அந்தப் பெண் அப்போது பிரின்ட் எடுக்க வந்து நின்றிருந்தாள். தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது போகுமாப்பா என்று கேட்டாள். மேல பட்டை மூடிடும்மா, உள்ள இருக்கும் என்றார். வினாத்தாளில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி அவள் தலையை ஆட்டினாள். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கோடையில் இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் தவறியது என்றார்கள். கொஞ்சத்தில் தவறுவதுதான் ரொம்பக் கொடுமை. பெரிதாகத் தவறியிருந்தால் விட்டுவிடலாம். மூன்றாம் தடவை எழுதுவாள் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதாவது அந்தப் பின்னறையில் இன்னொரு வருஷம்.

அந்தச் சமயத்தில் அண்ணியின் அக்கா வந்திருந்தார். வாசலில் செடியைப் பார்த்தவர், "வளர வேண்டியதப் புடிச்சு குட்டையாக்கி வாசல்ல வச்சிருக்கீங்க. அப்பறம் வீட்டுல எதுடி வளரும்?" என்று கேட்டுவிட்டார். ஏற்கெனவே ஃபோனிலும் அப்படி ஒரு சேதி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அன்றைக்கே செடியைத் துண்டில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்து வைத்தார். "தூக்கிப் போட மனசு வரல தம்பி. நல்ல சட்டி" என்றார். சட்டிக்காகத்தான் என்று என்னை நம்பவைக்க முயன்றார். அதைவிட அவரையே நம்பவைக்க முயன்றார் என்று எனக்குப் பட்டது.

சாயங்காலம் அவர் வந்தார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் தன் செடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"அவளுக்கும் எதையாவது வெட்டணும்ல தம்பி. பாவம், கைக்குக் கெடச்சது இது."

அதற்கப்புறம் எட்டு மாதம் அந்தச் செடி என் கடையில் இருந்தது. வேலை முடிந்து வந்து அதன் எதிரே உட்காருவார். படம் எடுக்கச் சொல்வார். சில நாள் பேனாவைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண்ணும் வருவாள். பிரின்ட் எடுக்க எதுவும் இருக்காது. ஜாடியிலிருந்து இரண்டு கை தண்ணீர் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணா, மூணாவது தடவ எழுதுறவங்களுக்கு ஃபார்ம்ல தனிக் கட்டம் ஏதாச்சும் இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேச்சைத் தாளில் குறித்தவன், அதைக் குறிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

விண்ணப்பம் போடக் கடைசி நாள். அண்ணி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், இவர் பாப்போம் பாப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணி இருக்கும். கடையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அப்பாவும் மகளுமாக வந்தார்கள். பட்டினச்சேரிப் பக்கம் கம்பம் மாற்றிவிட்டு நேராக வந்திருந்தார், பேன்ட்டில் முழங்கால் வரை சேறு. மதிப்பெண் பட்டியல், ஆதார், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அண்ணி கொடுத்தனுப்பியிருந்தார். பெண் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

நான் தட்டிக்கொண்டே போனேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஃபோன் நம்பர் அவருடையது. அனுப்பு என்று அழுத்தினேன். ஓடிபிக்குப் பத்து நிமிஷம் என்று காட்டி, திரையில் விநாடிகள் இறங்க ஆரம்பித்தன. கடைசி நாளில் ஒன்றை விட்டால் அடுத்தது வருமா என்பது நிச்சயமில்லை.

"அண்ணே, நம்பர் வந்துச்சா?"

"வந்துருச்சு தம்பி."

எண்ணை மட்டும் சொல்லவில்லை. எட்டு நிமிஷம் காட்டியது. கண்ணாடி கொண்டுவரவில்லையோ என்று நினைத்து, ஃபோனை இப்படிக் கொடுங்கண்ணே என்று கையை நீட்டினேன். கையில் எதுவும் வந்து விழவில்லை. பின்னால் நின்ற ஒருவர், எங்க புள்ளைக்கும் இன்னிக்குத்தாங்க கடைசி என்றார்.

ஆறு நிமிஷம் சொச்சம்.

"பாப்பா" என்றார். "ஒனக்கு எழுதணுமா?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை என்பது, பதில் சொல்ல அவளுக்கு ஆன நேரத்தில் எனக்குத் தெரிந்தது. திரை நாலு நிமிஷத்துக்கு வந்த பிறகுதான் குரல் வந்தது.

"தெரியலப்பா. தூங்கணும் போல இருக்கு."

மூன்று, இரண்டு, ஒன்று. ஒன்றும் போனது. நேரம் முடிந்தது என்று ஒரு சிவப்பு வரி வந்து நின்றது.

"மறுபடி அனுப்பவாண்ணே?"

"வேணாம் தம்பி." பிறகு மகளிடம், "எழுந்திரும்மா. வீட்டுக்குப் போயித் தூங்கு" என்றார்.

ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது இருவரும் தெருவில் இறங்கியிருந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால்.

அன்று நடுச்சாமம் வரைக்கும் விண்ணப்பிக்கலாம். அண்ணி ஓடிவருவார் என்று நிரப்பின ஃபார்மை மூடாமல் வைத்திருந்தேன். வரவில்லை. ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்தினேன். அண்ணிக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அது அவர்கள் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே அண்ணி நின்றுகொண்டிருந்தார். எப்போதும் பட்டுப்பட்டென்று பேசுகிறவர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்.

"ராத்திரி சோறு போட்டேன் தம்பி. மோர் கேட்டாரு, ஊத்துனேன். முடிச்சாச்சாங்கன்னு கேட்டேன். ம்ன்னாரு. விடிஞ்சதும் சொல்றாரு, எழுதலன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம் அண்ணி."

அழவில்லை. கடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பார்வை செடியில் போய் நின்றது. முந்தானையால் சட்டியின் விளிம்பைத் துடைத்து, இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போறேன். இனிமே அங்க எது வளராமப் போகப் போவுது."

அந்தப் பெண் தூங்கினாள். பத்துப் பதினைந்து நாள் அப்படித் தூங்கினாளாம். அவர்தான் சொன்னார். எழுந்து சாப்பிடுகிறாள், மறுபடி தூங்குகிறாள், ராத்திரி இரண்டு தடவை போய் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணி அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு என்று மகள் வழியாகத்தான் எல்லாம். ஜூனில் இங்கேயே ஒரு கல்லூரியில் அவள் பி.காம். சேர்ந்தாள். சேர்த்தவர் அண்ணி. இதுக்கா ரெண்டு வருஷம் என்று என்னிடம் ஒரு முறைதான் கேட்டார். அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நாள் இருந்தாள். சில நாள் டாக்டர் சீட்டோடு மருந்துக்கடை வாசலில் நிற்கிறவர்களைக் கடக்கும்போது நடையை வேகமாக்கினாள். மூன்றாம் தடவை கிடைத்திருக்குமோ என்னவோ. அதை யார் சொல்ல முடியும்?

செடியை அதற்கப்புறம் அவர் கவனிக்கவில்லை. படம் எடுக்கவும் கொண்டுவரவில்லை. அரிசி களைந்த தண்ணீரை அண்ணிதான் ஊற்றினார். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வெட்டுவதற்கு ஆளில்லாமல், கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே மண்டை பெருத்து நின்றது.

அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே எங்கள் யூனியன் பிரதேசத்தின் மறுகோடியில் இருக்கிற ஏனாமுக்கு மாற்றல். எங்கள் ஊர் அரசாங்க உத்தியோகத்தில் இது ஒரு வரிசை. பேர் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும், எத்தனை மைல் ஆனாலும். மகள் படிப்புக்காக அண்ணி இங்கேயே இருப்பது என்று முடிவு. புறப்படுவதற்கு முதல் நாள், உத்தரவை மூன்று காப்பி போட வந்தார். போட்டுக் கொடுத்தேன். எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அன்னிக்கு நீங்க எதுக்கதான் ஒக்காந்திருந்தீங்க. நான் பாத்துத்தான சொன்னேன்? வேணாம்ன்னு சொன்னப்ப, அவளப் பாத்துத்தான சொன்னேன்? இல்ல, எனக்கே அன்னிக்கு அசந்துபோயி, ஏதோ ஒண்ணு முடிஞ்சாப் போதும்ன்னு சொல்லிட்டனா?"

அவர் கேட்டது விளையாட்டாக இல்லை. ஒரு வருஷமாக இதை எங்கெங்கோ சுமந்து, கம்பத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் சுமந்து, கடைசியில் ஊரை விட்டுப் போகிற நாளில் என் கவுன்ட்டரில் இறக்கி வைக்கிறார் என்று தெரிந்தது. சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

"பாத்தீங்கண்ணே" என்றேன். "நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னீங்க."

நம்பினாரா தெரியாது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். காகிதங்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, வரேன் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை நிம்மதியாக ஊருக்கு அனுப்ப அந்த ஒரு வார்த்தை போதும் என்று அப்போது பட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இறங்கிக்கொண்டிருந்த விநாடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.